ஒன்டிரைவின் 30 நாள் கடிகாரம்: ரான்சம்வேர் பூட்டிய ஃபைல்கள் எவ்வளவு திரும்பும்?

கிராக் செய்த சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வரும் ஸ்டாப்-டிஜேவியூ வகை ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) நுழைந்துவிட்டால், முதலில் கண்ணில் படுவது ஃபைல் பெயர்தான். எக்செல் ஷீட்டின் பெயருக்குப் பின்னால் அர்த்தமில்லாத நாலு எழுத்து ஒட்டியிருக்கும். ஃபோல்டருக்கு ஃபோல்டர் ‘ரீட்மீ’ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கிடக்கும்: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி. ‘எல்லாம் மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்டிரைவில் இருக்கிறதே’ என்று பிரவுசரைத் திறந்தால் அங்கேயும் அதே நாலு எழுத்து. நீங்கள் திருத்திய ஃபைலும் வைரஸ் பூட்டிய ஃபைலும் சிங்க் ஆப்புக்கு ஒன்றுதான். மாறியதை மேலே ஏற்றுவது அதன் வேலை, ஏற்றிவிடும்.

அந்த நேரத்தில் கைகொடுப்பது ஒன்டிரைவின் ‘ரீஸ்டோர் யுவர் ஒன்டிரைவ்’. 2018-இல் வந்த வசதி. மைக்ரோசாஃப்ட் 365 சந்தாதாரர்களுக்கு மொத்த டிரைவையும் கடந்த 30 நாட்களுக்குள் எந்த நேரத்துக்கு வேண்டுமானாலும் திருப்பித் தருகிறது. வீட்டுக் கணக்குக்கும் சின்ன அலுவலகத்துக்கும் இது காசு கொடுத்து வாங்கத் தகுந்தது என்பதே எங்கள் முடிவு. ஆனால் இதை எந்த வரிசையில் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது.

இது வேறெங்கோ இருக்கும் பேக்கப்பிலிருந்து எடுத்துத் தருவதில்லை. வெர்ஷன் ஹிஸ்டரி (ஒவ்வொரு ஃபைலின் பழைய பிரதிகள்), ரீசைக்கிள் பின் (அழித்தவை தங்கும் இடம்) இரண்டையும் சேர்த்து வைத்துதான் டிரைவைப் பின்னோக்கி ஓட்டுகிறது. ரான்சம்வேர் சில சமயம் அதே ஃபைலின் மேலேயே எழுதும். அப்போது நல்ல பிரதி பழைய வெர்ஷனாகக் கிடக்கும். சில சமயம் பூட்டிய புது ஃபைலை உருவாக்கிவிட்டு அசலை அழிக்கும். அப்போது அசல் ரீசைக்கிள் பின்னில் இருக்கும். இலவசக் கணக்கிலும் இவை இரண்டும் உண்டு. ஆனால் பழைய வெர்ஷன்களை ஒவ்வொரு ஃபைலாக வலது கிளிக் செய்து மீட்க வேண்டும். 40 ஃபைலுக்குச் சரி, 12,000 ஃபைலுக்கு முடிகிற காரியமா?

இனி வேலை. தாக்கப்பட்ட கம்ப்யூட்டரில் வைஃபையை அணைத்து லேன் கேபிளைப் பிடுங்குங்கள். வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். டிஜேவியூவோடு பாஸ்வேர்டு திருடும் நிரல்களும் சேர்ந்து வந்ததுண்டு, அதனால் பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளையும் அங்கிருந்தே மாற்றிவிட வேண்டும். அடுத்து, பழைய கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யுங்கள். வெறும் ஸ்கேனோடு விடாமல் விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதே நல்லது. இதை விட்டுவிட்டு முதலில் ரீஸ்டோர் அழுத்தினால், அந்தக் கம்ப்யூட்டர் மறுபடி நெட்டில் சேர்ந்ததும் பூட்டிய ஃபைல்களை மீண்டும் மேலே அனுப்பும். ஒன்டிரைவே தாக்குதலைக் கண்டுபிடித்து மெயில் அனுப்பியிருந்தால், எல்லாக் கருவிகளும் சுத்தம் என்று டிக் போட்ட பிறகே அடுத்த பக்கத்துக்கு விடும். அந்தக் கட்டத்தைப் பொய்யாக டிக் செய்யாதீர்கள்.

பிறகு வெப்பில் ஒன்டிரைவைத் திறந்து, பல்சக்கரம் குறியை அழுத்தி, ஆப்ஷன்ஸ் உள்ளே ‘ரீஸ்டோர் யுவர் ஒன்டிரைவ்’ போங்கள். நேற்று, ஒரு வாரம் முன், மூன்று வாரம் முன் என்று தேதிகள் வரும். அவசரத்தில் ‘ஒரு வாரம் முன்’ அழுத்தத்தான் தோன்றும். தாக்குதல் நேற்றுதான் நடந்தது என்றால், அதனால் ஆறு நாள் நல்ல வேலையும் சேர்ந்து பின்னுக்குப் போய்விடும். ‘கஸ்டம்’ எடுங்கள். 30 நாளுக்கும் நாளுக்கொரு பட்டையாக ஒரு வரைபடம் தெரியும். தாக்குதல் நடந்த நாளின் பட்டை மட்டும் தென்னை மாதிரி உயர்ந்து நிற்கும். கீழே ஒவ்வொரு மாற்றமும் நேரத்தோடு வரிசையாக இருக்கும். விசித்திரப் பெயர் தொடங்கும் முதல் வரியைத் தேடி டிக் செய்தால், அதற்குப் பின் நடந்தவை எல்லாம் தானாகத் தேர்வாகும். ரீஸ்டோர் அழுத்துங்கள். நேரம் தப்பிப்போனாலும் பயமில்லை: அந்த நேரத்துக்குப் பின் உருவான ஃபைல்கள் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகின்றன, செய்த ரீஸ்டோரையே இன்னொரு ரீஸ்டோரால் திருப்பவும் முடியும்.

சறுக்கும் இடங்களும் உண்டு. பதற்றத்தில் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தவர்களுக்கு அசல் திரும்பாது. அழிந்த ஃபைலைப் பென்டிரைவிலிருந்து மறுபடி ஏற்றியிருந்தால் அந்த ஃபைலை ரீஸ்டோர் தாண்டிப் போய்விடும். எனவே முடியும்வரை எதையும் ஏற்றவோ அழிக்கவோ கூடாது. தனிநபர் கணக்கில் ரீசைக்கிள் பின் 30 நாள் வைத்திருக்கும். ஆனால் அது நிரம்பிவிட்டால் பழையவை மூன்று நாளிலேயே போகத் தொடங்கும். பெரிய டிரைவை ரான்சம்வேர் அழித்தால் ரீசைக்கிள் பின் நிரம்புவது சுலபம், தள்ளிப்போடாதீர்கள். போட்டோ ஆல்பங்கள் திரும்புவதில்லை. முடிந்ததும் ‘ரீஸ்டோர்லாக்’ என்று தொடங்கும் டெக்ஸ்ட் ஃபைல் ஒன்டிரைவின் முதல் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், திரும்பாத ஃபைல்களின் விவரம் அதில்தான்.

அலுவலகக் கணக்கில் ரீசைக்கிள் பின் 93 நாள் நிற்கிறது. அங்கே ஆபத்து வேறு. 2022-இல் ப்ரூஃப்பாயிண்ட் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காட்டியது இது: கணக்கையே கைப்பற்றியவர் வெர்ஷன் எண்ணிக்கையை 1 ஆகக் குறைத்து ஃபைலை இரண்டு முறை பூட்டினால், நல்ல வெர்ஷன் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். அந்த நிலையில் உடனே மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டைப் பிடிக்க வேண்டும். பழைய வெர்ஷன்களை இன்னும் 14 நாள்வரை மீட்க வழி இருக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் அப்போது சொன்னது.

மற்றவை? டிராப்பாக்ஸின் ‘ரீவைண்ட்’ இதே வேலையைச் செய்கிறது. ப்ளஸ் திட்டத்தில் 30 நாள், ப்ரொஃபெஷனலில் 180 நாள். தாக்குதலைத் தாமதமாகக் கவனிக்கும் அலுவலகத்துக்கு அந்த 180 பெரிய பலம். கூகுள் டிரைவோ பிடிஎஃப், எக்செல் மாதிரி ஃபைல்களுக்கு 30 நாள் அல்லது 100 வெர்ஷன்தான் வைத்திருக்கும். 2025 செப்டம்பரில், கம்ப்யூட்டரில் போடும் டிரைவ் ஆப்பே ரான்சம்வேரை மோப்பம் பிடித்துச் சிங்கை நிறுத்தும் என்று கூகுள் அறிவித்தது. சரியான திசை அதுதான்.

ஒன்டிரைவ் பேக்கப் முக்கியமாகப் பார்ப்பது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை. நம் ஊர்க் கடைகளின் டாலி டேட்டாவும் ஜிஎஸ்டி ஃபைல்களும் பல சமயம் டி டிரைவில் கிடக்கின்றன. அங்கே ரான்சம்வேர் நுழைந்தால் இந்தக் கடிகாரத்துக்கு எதுவும் தெரியாது. அவற்றுக்கு, காப்பி எடுத்ததும் கேபிளைக் கழற்றிவிடும் தனி ஹார்ட் டிஸ்க் ஒன்று வேண்டும். சொருகியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்தே பூட்டப்படும்.