ஊரில் ஜெனரிக் மாத்திரை வாங்கப் போனால்

லண்டனில் டாக்டர் சீட்டில் பெரும்பாலும் கம்பெனி வைத்த பிராண்ட் பெயரை எழுத மாட்டார், உள்ளே இருக்கும் மருந்தின் பொதுப் பெயரைத்தான், அதாவது ஜெனரிக் பெயரைத்தான், எழுதுவார். எந்தக் கம்பெனி டப்பா கைக்கு வரும் என்பது மருந்துக்கடைக்காரர் பாடு. அதே பழக்கத்தில் மதுரையில் அம்மாவை ஒரு தனியார் மருத்துவமனை ஓ.பி.க்கு அழைத்துப் போனேன். சீட்டில் நாலு வரி, நாலும் பிராண்ட் பெயர்.

விலையைப் பார்த்துவிட்டு, ஜெனரிக் மருந்தைக் குறைந்த விலைக்கு விற்கும் மத்திய அரசுத் திட்டக் கடையான மக்கள் மருந்தகத்துக்கு நடந்தேன். அங்கிருந்த பெண் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “பிராண்ட் எழுதியிருந்தா நாங்களா மாத்தித் தரக் கூடாது சார். டாக்டர்கிட்ட மருந்து பேரை எழுதி வாங்கிட்டு வாங்க.” கோபம்தான் வந்தது. ஆனால் சட்டம் அவர் பக்கம். டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்துகளில் எழுதியதற்குப் பதில் வேறொன்றைக் கடைக்காரர் தர விதியில் இடமில்லை. அப்படியானால் டாக்டர் எழுதினால்தான் உண்டு. ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் டாக்டர்களுக்கு விதி வகுக்கும் தேசிய மருத்துவ ஆணையம் விதி போட்டு, மருத்துவர் சங்கங்கள் எதிர்த்ததும் அதே மாதம் நிறுத்தி வைத்தது.

மறுபடி டாக்டரிடம் போய்க் கேட்டேன். முகம் சுளிக்காமல் கொட்டை எழுத்தில் எழுதினார்: டெல்மிசார்டன் 40, அடோர்வாஸ்டாடின் 10, மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர். அந்த ‘எஸ்.ஆர்.’ மேல் பேனாவால் தட்டி, “இது மெதுவா கரையுற மாத்திரை, சாதாவை வாங்கிடாதீங்க” என்றார். தைராய்டு மாத்திரையை மட்டும் பழைய கம்பெனியிலேயே விட்டுவிட்டார். அதை மாற்றினால் ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்து அளவு பார்க்க வேண்டுமாம்.

பில் பாதிக்கும் கீழே வந்தது. அம்மாவுக்குத்தான் திருப்தியில்லை, “விலை கம்மின்னா வேலை செய்யுமாடா?” பக்கத்து வீட்டு அத்தைதான் தீர்த்துவைத்தார். பெரியாஸ்பத்திரியில் அவர் வருஷக்கணக்காக இலவசமாக வாங்கி விழுங்குவதும் ஜெனரிக்தான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியதிலிருந்து மொத்தமாகக் கொள்முதல் செய்து அனுப்புகிறது. சீட்டு எழுதும் டாக்டருக்கும் கொடுக்கும் கவுண்டருக்கும் அங்கே ஒரே பட்டியல், அதனால் இந்த அலைச்சலே இல்லை.

இருப்பு மட்டும் எப்போதும் சிக்கல். அடோர்வாஸ்டாடின் மக்கள் மருந்தகத்தில் தீர்ந்திருந்தது. 2025 பிப்ரவரியில் மாநில அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகம் ஒன்றில் கிடைத்தது. கிளம்பும் முன் போன் போட்டு, மில்லிகிராமோடு சொல்லிக் கேட்டுவிட்டுப் போங்கள்.