கல்லடிப் பாலமும் மூன்று மென்பொருள்களும்: லேயர் மாஸ்க்குக்கு எது கைகொடுக்கும்?

மட்டக்களப்பின் பழைய கல்லடி இரும்புப் பாலத்தை விடியற்காலையில் வாவிக்கரையில் நின்று எடுத்தால், ஒரே படத்தில் எல்லாம் சரியாக விழாது. வானத்துக்கு வெளிச்சம் அளந்தால் இரும்புச் சட்டங்கள் கரியாகும். இரும்புக்கு அளந்தால் வானம் வெளுத்துப்போகும். ட்ரைபொட்டில் வைத்து 2 ஸ்டொப் (நாலு மடங்கு வெளிச்ச) வித்தியாசத்தில் இரண்டு படம் எடுத்துச் சேர்ப்பதுதான் வழி. படம் திருத்தும் மென்பொருள்களான போட்டோஷொப், கிம்ப், போட்டோபியா மூன்றையும் உரசிப் பார்க்க இந்த ஒரு வேலை போதும்.

படத்தை அழிக்கும் இரேசர் கருவியைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. அதால் துடைத்துச் சேமித்து மூடிவிட்டால் துடைத்தது போனதுதான். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்; மாஸ்க் அதில் எந்த இடம் தெரிய வேண்டும் என்று சொல்லும் திரை. மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் பாதி காட்டும். பிழைத்த இடத்தில் வெள்ளை பூசினால் படம் திரும்பி வரும்.

இருண்ட படத்தை மேலே வைத்து அதற்கு மாஸ்க் போடுங்கள். பாசிக்குடாக் கடற்கரை போல் தொடுவானம் நேராக இருந்தால் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மாறும் கிரேடியன்ட் ஒன்றை இழுத்துவிட்டுப் போகலாம். கல்லடியில் அது சரிவராது. சட்டங்களின் மேற்பாதியையும் வானத்தோடு சேர்த்து இருட்டாக்கிவிடும். சட்டங்களுக்கு இடையே ஓட்டை ஓட்டையாக பிரஷ்ஷால் பூசவும் யாருக்குப் பொறுமை? படத்தின் வெளிச்சத்தையே மாஸ்க்காக்க வேண்டும்: வெளிச்சமான வானம் வெள்ளைப் பக்கம், இருண்ட இரும்பு கறுப்புப் பக்கம்.

இங்கேதான் இலவச கிம்ப் முந்துகிறது. மாஸ்க் சேர்க்கும் பெட்டியிலேயே, லேயரின் சாம்பல் நகலை மாஸ்க்காக எடுக்கும் தெரிவு இருக்கிறது. போட்டோஷொப்பில் சேனல்ஸ் பலகத்துக்குப் போய், கொன்ட்ரோலை அழுத்தியபடி ஆர்ஜிபி சிறுபடத்தைச் சொடுக்கி, லேயர்ஸுக்குத் திரும்பி மாஸ்க் பொத்தானை அழுத்த வேண்டும். எதில் செய்தாலும் முதலில் வானம் சாம்பலாகத்தான் நிற்கும். மாஸ்க்கில், கறுப்பு வெள்ளை அளவை மாற்றும் லெவல்ஸைத் திறந்து, வெள்ளை முனையை 255இலிருந்து இடப்பக்கமாகவும் கறுப்பு முனையை வலப்பக்கமாகவும் கொஞ்சம் நகர்த்துங்கள். ஒரேயடியாக இறுக்கினால் விளிம்பின் சாம்பல் ஒழிந்து, பாலம் கத்தரித்து ஒட்டியதுபோல் ஆகிவிடும். வாவியில் விழும் வானத்தின் பிம்பம், வானத்தைவிட வெளிச்சமாகிவிடாமலும் பாருங்கள். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் கண் உறுத்தும்.

சட்டங்களைச் சுற்றி இரட்டைக் கோடு தெரிந்தால் பிழை மாஸ்க்கில் இல்லை, இரண்டு படமும் நகர்ந்திருக்கின்றன. போட்டோஷொப்பின் எடிட் மெனுவில் லேயர்களைத் தானாகப் பொருத்தும் கட்டளை இருக்கிறது. கிம்ப்பில் மேல் லேயரை, இரண்டு படத்தின் வித்தியாசத்தை மட்டும் காட்டும் டிஃபரன்ஸ் முறைக்கு மாற்றி, படம் அதிகம் கறுக்கும் வரை அம்புக்குறி விசைகளால் தள்ள வேண்டியதுதான். மாஸ்க் போடுமுன் இதை முடித்துவிடுங்கள்.

நிறத் திருத்தத்தில் போட்டோஷொப் கிம்ப்பை முந்துகிறது. அங்கே வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தும் கர்வ்ஸ் தனி லேயராகவே வரும், தனக்கென ஒரு மாஸ்க்கோடு. கல்யாணப் படமொன்றில் மணப்பெண்ணின் முகத்தை மட்டும் வெளிச்சமாக்க, கர்வ்ஸை உயர்த்திவிட்டு அந்த மாஸ்க்கைக் கொன்ட்ரோல்+ஐ கொடுத்துக் கறுப்பாக்கி, முகத்தில் மென்மையான வெள்ளை பிரஷ்ஷை 15% ஃப்ளோவில் (மை விழும் அளவு) ஓட்டினால் போதும். போட்டோபியாவிலும் இப்படியே செய்யலாம். கிம்ப்பில் லேயரை நகலெடுத்து, நகலில் கர்வ்ஸ் போட்டு, அதற்குக் கறுப்பு மாஸ்க் வைப்பது பழகிய சுற்றுவழி.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவரை விசைகள்தான் தடுக்கிவிடும். பி விசை போட்டோஷொப்பில் பிரஷ். கிம்ப்பில் அது பாத் கருவி. மாஸ்க்கைத் தற்காலிகமாக நிறுத்த, அதன் சிறுபடத்தைப் போட்டோஷொப்பில் ஷிஃப்ட்டுடன் சொடுக்க வேண்டும், கிம்ப்பில் கொன்ட்ரோலுடன். முகத்தில் திடீரென்று கறுப்பு மை அப்பினால், தெரிவாகியிருப்பது மாஸ்க் அல்ல, படம். கொன்ட்ரோல்+இசட் கொடுத்து, மாஸ்க்கின் சிறுபடத்தைச் சொடுக்கிவிட்டுத் தொடருங்கள்.

போட்டோபியா பிரவுசருக்குள் ஓடுகிறது, ஆனால் படம் உங்கள் கணினியைவிட்டு வெளியே போவதில்லை. விளம்பரத்தைப் பொறுக்க முடிந்தால் காசும் இல்லை. ரேம் குறைந்த மடிக்கணினியில் கமராவின் மூலக் கோப்பான பெரிய ரோ படங்களைக் கொடுத்தால் திணறும். ஆல்பத்துக்கு ஜேபெக் எடுத்தாலும், லேயர்களைக் காக்கும் பிஎஸ்டி கோப்பாகவும் ஒரு பிரதி சேமியுங்கள். ஜேபெக்கில் மாஸ்க் தங்காது.