உயிலா, குடும்ப டிரஸ்டா? சாட்ஸ்வொர்த் வீட்டுக்கு எது சரி?

அப்பா இறந்தபோது வீட்டுப் பத்திரம் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருந்தது. உயில்தான் இல்லை. அவர் வங்கிக் கணக்கு முடங்கியது. அம்மா மளிகைக்கே எங்களிடம் கேட்க வேண்டியதாயிற்று. அதனால்தான் தென்னாப்பிரிக்காவில், சாட்ஸ்வொர்த் இருக்கும் டர்பனில் உள்ள சொந்தங்கள் உயிலா டிரஸ்டா என்று கேட்டால் நான் விரிவாகப் பேசுவேன். டிரஸ்ட் என்றால், குடும்பத்தாருக்காகச் சொத்தைப் பொறுப்பாளர்கள் கையில் ஒப்படைத்து நிர்வகிக்கும் ஏற்பாடு.

செலவு:
உயில் எழுத அதிகம் ஆகாது. ஆனால் இறந்தபின் சொத்தைப் பிரித்துத் தரும் எக்ஸிகியூட்டருக்கு, வேறு ஏற்பாடு இல்லையென்றால், மொத்தச் சொத்தில் 3.5% கட்டணம். 12 லட்சம் ராண்ட் வீட்டுக்கு 42,000 ராண்ட். கையெழுத்திடும் முன்பே பேசிக் குறையுங்கள்.
டிரஸ்டுக்கு முதலிலேயே செலவு. வீட்டை அதன் பெயருக்கு மாற்ற வேண்டும், ஆண்டுதோறும் வரிக்கணக்கும் காட்ட வேண்டும். டிரஸ்டிலேயே தங்கும் வருமானத்துக்கு வரி 45%.

காத்திருப்பு:
உயில், இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் அரசு அலுவலகமான மாஸ்டர் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும்.
டிரஸ்டில் இருக்கும் வீடு இறந்தவரின் சொத்துக் கணக்கில் சேராது.

தவறும் இடம்:
உயிலுக்கு 14 வயது நிரம்பிய இரு சாட்சிகள் வேண்டும். பங்கு பெறுபவரோ அவர் துணையோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் பங்கே போய்விடக்கூடும். மருமகனைக் கூப்பிடாதீர்கள், பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுங்கள்.
டிரஸ்டில் அப்பாவே எல்லாவற்றையும் தன்னிஷ்டத்துக்கு ஆண்டால் நீதிமன்றத்தில் அது நிற்காமல் போகலாம்.

ஒரு வீடு, கொஞ்சம் சேமிப்பு என்றால் உயிலே போதும். இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கான எஸ்டேட் வரியில் முதல் 35 லட்சம் ராண்டுக்கு விலக்கும் உண்டு. வாடகை வீடுகள், கடை, அல்லது வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்படும் பிள்ளை இருந்தால் டிரஸ்ட். அப்போதும் மற்ற உடைமைகளுக்கு ஓர் உயில் எழுதியே ஆகவேண்டும்.