'நீல நிறம், ரொம்ப சாது, புதியவர்களுக்கு ஏற்றது': இப்படி விளம்பரம் பார்த்து டாரன்டுலா வாங்கப் போகிறவர்களுக்கு

இணையத்தில் படம் போட்டு டாரன்டுலா (உடம்பெல்லாம் முடியுள்ள பெரிய சிலந்தி) விற்கும் ஒருவரிடம் நானும் என் மகளும் ஏமாந்தோம். மாற்றித் தருகிறேன் என்று சொல்லி மறுபடியும் ஏமாற்றினார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. இதே மாதிரி விற்பவர்கள் பல பேர் இருக்கிறார்கள்; ஒருவர் பெயரை மட்டும் தெரிந்துகொண்டால் அடுத்தவரிடம் மாட்டிக்கொள்வீர்கள். எப்படி விற்கிறார்கள் என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் கேட்டது தெளிவாகவே இருந்தது. முதல் முறையாக வளர்க்கப் போகிறோம், வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறாள், பார்க்க நல்ல நிறமாக இருக்க வேண்டும், அதே சமயம் முரட்டுத்தனம் இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தேன். வந்த பதில்: "உங்களுக்குன்னே ஒண்ணு இருக்குங்க. புளூ ராயல். ரொம்ப சாது. கையில விட்டு விளையாடலாம்." கூடவே கண்ணைப் பறிக்கும் நீலத்தில் ஒரு படம். அறிவியல் பெயர் என்ன என்று கேட்டேன். "அதெல்லாம் பெரிய பெயருங்க, எல்லாரும் புளூ ராயல்னுதான் சொல்றாங்க" என்றார். அப்படி ஒரு பெயர் அவருடைய விளம்பரத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது.

வந்த சிலந்தி சிரியோபேகோபஸ் லிவிடஸ். வளர்ப்பவர்கள் கோபால்ட் புளூ என்பார்கள். மியான்மர், தாய்லாந்து காடுகளைச் சேர்ந்தது. நிறத்தில் பொய் இல்லை. வளர்ந்த பெண் சிலந்தியின் கால்களில் வெளிச்சம் படும்போது அந்த நீலம் உண்மையிலேயே அபாரம். ஆனால் புதியவர்கள் கையில் கொடுக்கவே கூடாத இனங்களைப் பட்டியலிடச் சொன்னால் அனுபவசாலிகள் முதலில் சொல்பவற்றில் இதுவும் ஒன்று.

ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விற்பவர் மறைத்தது இதைத்தான். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த டாரன்டுலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் மேல் அரிப்பு முடிகள் உண்டு. பயந்தால் பின்னங்காலால் அந்த முடிகளை உதறிவிடும். கடிப்பது அதற்குக் கடைசி வழி. ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்கு இந்த முடிகள் இல்லை. அவற்றுக்குத் தற்காப்பு இரண்டுதான்: வேகம், நச்சுப்பல். நஞ்சும் கடுமையானது, கடித்தால் நல்ல வலி, வீக்கம், சில சமயம் நாள்கணக்கில் தசைப்பிடிப்பு. கோபால்ட் புளூ அதற்கும் மேலே ஒரு படி, மண்ணுக்குள் ஆழமாக வளை தோண்டி வாழும் பிராணி. வளை இருந்தால் மனிதர் கண்ணிலேயே படாமல் உள்ளேயே கிடக்கும். வளை தோண்ட இடம் இல்லாவிட்டால் ஒவ்வோர் அசைவையும் தாக்குதலாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

எங்களுக்கு வந்த கண்ணாடிப் பெட்டியில் விரல் ஆழம்கூட இல்லாமல் வண்ணக் கூழாங்கல் பரப்பியிருந்தார்கள். தோண்ட மண் இல்லை, ஒளிய மரப்பட்டை இல்லை. மேலே கம்பிவலை மூடி. தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு ஸ்பாஞ்ச். பக்கத்தில் மாட்ட ஒரு சூடேற்றும் விளக்கு. இந்த 'முழு செட்'டுக்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள், இதில் ஒன்றுகூட டாரன்டுலாவுக்கு ஆகாது. கம்பிவலையில் பாதத்தின் நகம் சிக்கினால் தொங்கியபடியே கால் கழன்றுவிடலாம். ஸ்பாஞ்ச் அழுக்கும் கிருமியும் சேரும் இடம். வெறும் தண்ணீர் ஊற்றிய சின்னக் கிண்ணமே போதும். விளக்கு உடம்பை உலர்த்திவிடும்.

பெட்டியைத் திறந்தபோது அது முன்னங்கால்களைத் தூக்கி, பற்களைக் காட்டி நின்றது. தண்ணீர் ஊற்றப் போன இடுக்கியைப் பாய்ந்து கடித்தது. கையில் விட்டு விளையாடலாம் என்ற வார்த்தையை நம்பி என் மகள் கையை நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு உடம்பு பதறுகிறது. அந்தச் சிலந்தியின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒளிய இடம் கொடுக்காமல் வைத்தால் அது வேறு என்ன செய்யும்? ஒரு பிள்ளைக்குத்தான் போகிறது என்று தெரிந்தே இதை அனுப்பியவர் மேல்தான் கோபம்.

சிலந்திகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். வயிற்றில் அரிப்பு முடித் திட்டு இல்லை என்பதையும், கால்களின் நிறத்தையும், நடத்தையையும் வைத்து உடனே இனத்தைச் சொன்னார். உங்களுக்கு விளம்பரத்தில் காட்டிய படம் எது என்று கேட்டார். அனுப்பியதும் புரிந்துபோயிற்று: படத்தில் இருந்தது வேறு இனம். கிரீன் பாட்டில் புளூ என்று அழைக்கப்படும் குரோமாடோபெல்மா சயனியோப்யூபெசென்ஸ். வெனிசுவேலாவின் பராகுவானா தீபகற்பத்து வறண்ட நிலத்தைச் சேர்ந்தது. நீலக் கால், பச்சை கலந்த நீல முதுகோடு, ஆரஞ்சு வயிறு. கொஞ்சம் பதற்றக்காரி, ஓட்டம் அதிகம், ஆனாலும் கவனமாக இருக்கும் புதியவர்கள் வளர்க்கக்கூடியது. படம் ஒன்று, பொருள் வேறு.

இதை விற்றவரிடம் எடுத்துச் சொன்னதும் முதலில் "எல்லா நீலமும் ஒண்ணுதாங்க" என்றார். பிறகு இனப்பெயரோடு விடாமல் எழுதியதும் இறங்கிவந்தார். மாற்றித் தருகிறேன், மெக்சிகன் ரெட் நீ, இளம் பெண் சிலந்தி, இருபது வருஷம் கூட இருக்கும் என்றார். மேற்கொண்டு பணமும் கேட்டார். பெண் என்பதால் விலை அதிகமாம்.

ரெட் நீ, அதாவது பிராக்கிபெல்மா ஹமோரி, உண்மையிலேயே நல்ல தேர்வு. மெக்சிகோவின் பசிபிக் கரையோரத்தைச் சேர்ந்தது. கறுப்பு உடம்பு, கால் மூட்டுகளில் ஆரஞ்சுச் சிவப்பு. நிதானமான நடை. பெண் இருபது ஆண்டுக்கு மேலும் வாழும் என்று அவர் சொன்னதும் உண்மை. ஆனால் அவர் அனுப்பியது பெண் இல்லை, இளசும் இல்லை. முதல் ஜோடிக் கால்களின் உட்புறம் கொக்கி இருந்தது. வாயருகே இருக்கும் உணர்கால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறை போல உருண்டிருந்தது. இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது முழுவளர்ச்சி அடைந்த ஆண். கடைசித் தோலுரிப்பு முடிந்துவிட்டது, இனி வளராது. துணை தேடி இராமுழுக்க நடக்கும், சரியாகச் சாப்பிடாது, பெரும்பாலும் ஓராண்டு அளவில் இறந்துவிடும். எங்களிடம் வந்ததும் அப்படித்தான் சுற்றிச் சுற்றி நடந்தது. அதற்குள் என் மகள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டாள்.

சில மாதங்களில் அது அசையாமல் கிடந்தது. விற்றவருக்கு எழுதினேன். "தோல் உரிக்குதுங்க, தொடாம காத்திருங்க" என்று பதில். இதுவும் பொய். தோலுரிக்கும் டாரன்டுலா பெரும்பாலும் மல்லாந்து படுக்கும், கால்கள் விரிந்து இருக்கும். அப்போது தொடவே கூடாது, பெட்டியில் பூச்சி இருந்தால் எடுத்துவிட வேண்டும். எங்களுடையது குப்புற இருந்து கால்களை வயிற்றுக்கு அடியில் சுருட்டியிருந்தது. டாரன்டுலா காலை நீட்டுவது உடலுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால். அழுத்தம் குறைந்தால் கால் தானாக உள்ளே மடங்கும். நீர் வற்றினாலும் இப்படி ஆகும், உயிர் பிரியும்போதும் ஆகும். முழுவளர்ந்த ஆணுக்குத் தோலுரிப்பே கிடையாது என்று தெரிந்த மனிதர், நாங்கள் மேலும் காத்திருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி எழுதினார். அதற்குப் பிறகு பதிலும் இல்லை, பணமும் இல்லை.

அவருடைய பட்டியலில் 'பீகாக் புளூ, ஆரம்பநிலை' என்று இன்னொன்றும் இருக்கிறது. படத்தைப் பார்த்தால் போசிலோதீரியா மெட்டாலிகா. 1899இல் ஆந்திரத்தின் குத்தி என்ற ஊரில் கிடைத்ததாக அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. மிகச் சிறிய காட்டுப் பகுதியில் மட்டுமே இயற்கையாக வாழ்வது. மிக அருகிய இனம் என்று, அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களைப் பதியும் உலகச் சிவப்புப் பட்டியலில் இருப்பது. 2019 முதல் இந்தப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. மின்னல் வேகம், கடித்தால் கடும் தசைப்பிடிப்பு. இதையா ஆரம்பநிலை என்று விற்பது? தயவுசெய்து அந்தப் படத்துக்கு மயங்காதீர்கள்.

வாங்குவதாக இருந்தால் முதலில் அறிவியல் பெயரை எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பெண் என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால், அது கடைசியாக உரித்த தோலைக் கேளுங்கள். பெண்ணுக்கு மட்டும் உள்ள விந்துப்பையின் அச்சு தோலின் உட்புறத்தில் இருக்கும், நல்ல லென்ஸில் பார்க்கலாம். முன்னங்கால், உணர்கால் நுனி தெரியும்படி இன்றைக்கு எடுத்த படம் கேளுங்கள். வளர்ப்பில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா என்பதையும் கேளுங்கள். ரெட் நீ 1985 முதலே சைட்டிஸ் பட்டியலில் இருப்பது. நாடு விட்டு நாடு வந்திருந்தால் காகிதம் இருக்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் படத்தைக் காட்டிக் குஞ்சை விற்பவர்களிடமும் கவனம். ரெட் நீ குஞ்சு சின்னப் பழுப்பு உருண்டையாகத்தான் இருக்கும், நிறம் பிடிக்க வருடக்கணக்கில் ஆகும்.

என்னைக் கேட்டால் முதல் சிலந்திக்கு ரெட் நீ, அல்லது கிராமோஸ்டோலா புல்க்ரிபெஸ். பின்னது பராகுவே, அர்ஜென்டினா பக்கத்தது, மூட்டுகளில் பொன்னிறக் கோடு, இன்னும் சாது. எதுவானாலும் கையில் எடுக்காதீர்கள். கீழே விழுந்தால் வயிறு கிழிந்து செத்துப்போகலாம். அரிப்பு முடியும் அற்பம் இல்லை. பெட்டியைச் சுத்தம் செய்தவரின் கண்ணில் முடி பாய்ந்து கருவிழிப் படலத்துக்குள் குத்தி நின்ற ஒரு நிகழ்வை லான்செட் மருத்துவ இதழ் 2010இல் வெளியிட்டது. பெட்டிக்குள் கை விட்டால் முகத்தைத் தள்ளி வையுங்கள், பிறகு கண்ணைத் தொடாமல் கை கழுவுங்கள்.

கோபால்ட் புளூவை அனுபவமுள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டோம். ஆழமாக மண் போட்டதும் வளை தோண்டி உள்ளே போய்விட்டதாம். அந்த 'புளூ ராயல்' ஏற்கெனவே உங்கள் வீட்டில் கூழாங்கல் மேல் உட்கார்ந்திருந்தால், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். கையால் எதையும் செய்யாதீர்கள். பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் பெட்டியை வைத்துத் திறந்து, அகலமான டப்பாவால் மெதுவாக மூடி, அடியில் கெட்டி அட்டையைச் செருகி எடுங்கள். லேசாக ஈரமான தென்னை நார்த்தூளும் மண்ணும் கலந்து, சிலந்தியின் கால்விரிப்பைப் போல இரண்டு மடங்காவது ஆழம் நிரப்பி அழுத்துங்கள். விரலால் ஒரு துளை தொடங்கிக் கொடுத்து, மேலே மரப்பட்டை ஒன்று வையுங்கள். காற்றுத் துளை போட்ட, நன்றாகப் பூட்டும் மூடி போடுங்கள். ஒரு வாரம் சாப்பாடு கொடுக்காமல் தண்ணீர் மட்டும் வைத்து விடுங்கள்.