6 வருடமாக ஸ்பெஷாலிட்டி மால்ட்: எது தங்கியது, எது போனது

வீட்டில் பீர் காய்ச்ச ஆரம்பித்து 6 வருடம் ஆகிறது. முதல் வருடத்திலேயே என் அலமாரியில் 14 வகை ஸ்பெஷாலிட்டி மால்ட் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு செய்முறையும் புதிதாக ஒன்றைக் கேட்கும், நானும் வாங்கிவிடுவேன். இன்று அலமாரியில் இருப்பவை 4. (ஐந்தாவது ஒன்று உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.)

புதியவர்களுக்காக: மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த தானியம், பெரும்பாலும் பார்லி. பீருக்கு வேண்டிய சர்க்கரையில் பெரும்பகுதி பேஸ் மால்ட்டிலிருந்து வரும். பேல், பில்ஸ்னர் எல்லாம் அந்த வகை. நிறம், மணம், வாயில் நிற்கும் கனம் ஆகியவற்றுக்காக அதோடு கொஞ்சமாகச் சேர்ப்பதுதான் ஸ்பெஷாலிட்டி. 20 லிட்டருக்கு நாலரை கிலோ பேஸ் போட்டால், இது அரை கிலோவைத் தாண்டுவது என் வீட்டில் அபூர்வம்.

நான் முதலில் ஏமாந்தது பையில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து. கிரிஸ்டல் என்பது இனிப்பு தரும் ஒரு ஸ்பெஷாலிட்டி வகை. கிரிஸ்டல் 60, கிரிஸ்டல் 120 என்பதில் உள்ள எண் லோவிபாண்ட் என்ற நிற அளவு. 19ஆம் நூற்றாண்டில் ஜோசப் லோவிபாண்ட் என்ற இங்கிலாந்துக்காரர், நிறக் கண்ணாடிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பீரின் நிறத்தை அளக்கக் கொண்டுவந்த முறையிலிருந்து வந்தது. ஐரோப்பிய மால்ட் பைகளில் பெரும்பாலும் இபிசி என்ற இன்னொரு நிற அளவு இருக்கும். இபிசி எண் ஏறக்குறைய லோவிபாண்ட் போல இரண்டு மடங்கு. செய்முறை கேட்டது 60 இபிசி, நான் வாங்கிப் போட்டது 60 லோவிபாண்ட். பொன்னிறமாக வரவேண்டிய பீர் செம்பு நிறத்தில் வந்து நின்றது. குடிக்க நன்றாகவே இருந்தது என்பது வேறு விஷயம்.

சரி, அளவைச் சரியாகப் படித்துவிட்டால் போதுமா? போதாது. அந்த எண் நிறத்தை மட்டும்தான் சொல்கிறது, ருசியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இது உறைக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. கிரிஸ்டல் 10, டார்க் மியூனிக் என்ற இரண்டு மால்ட்டுக்கும் எண் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டிலும் ஒவ்வொரு மணியை எடுத்துக் கடித்துப் பாருங்கள். மியூனிக் பல்லில் மாவாக உதிரும், ரொட்டியின் வெந்த ஓரம் போல ருசிக்கும். கிரிஸ்டல் கண்ணாடித் துண்டு போல 'டக்'கென்று உடையும், அப்புறம் இனிப்பு இறங்கும். காரணம் மால்ட்டைத் தயாரிக்கும் முறையில் இருக்கிறது. கிரிஸ்டலுக்கு, முளைவிட்ட பார்லியைக் காயவிடாமல், ஈரத்தோடு 65-70 டிகிரி சூட்டில் வைத்தால் உமிக்குள்ளேயே மாவு சர்க்கரையாகிவிடும். பிறகு சூட்டை ஏற்றினால் அந்தப் பாகு இறுகிக் கண்ணாடியாகும். அதனால்தான் கிரிஸ்டலை வெந்நீரில் ஊறவைத்தாலே போதும். மியூனிக்கை அப்படிச் செய்தால் மாவுத் தண்ணீர்தான் மிஞ்சும், அதை மாஷ் பண்ணியே (மாவு சர்க்கரையாகும்வரை வெந்நீரில் குறிப்பிட்ட சூட்டில் வைத்தே) ஆகவேண்டும்.

கறுப்பு வகைகளிலும் இதே கதைதான். சாக்லேட் மால்ட்டும் ரோஸ்டட் பார்லியும் பார்வைக்கு அண்ணன் தம்பி. ஆனால் சாக்லேட் முளைகட்டி வறுத்தது (பெயர் நிறத்தை வைத்து வந்தது, சாக்லேட் துளியும் கிடையாது), ரோஸ்டட் பார்லி முளைகட்டாமலே வறுத்தது. ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் வருகிற அந்த வறண்ட காபிக் கசப்பு இரண்டாவதில்தான் கிடைக்கும். நிறம் மட்டும் வேண்டும், காந்தல் வேண்டாம் என்றால் வேயர்மான் நிறுவனத்தின் கராஃபா ஸ்பெஷல். வறுப்பதற்கு முன்பே உமியை நீக்கிவிடுவதால் தொண்டையில் கமறாது. 'ஸ்பெஷல்' என்ற சொல் இல்லாத வெறும் கராஃபா உமியோடு வரும், வாங்கும்போது அதைக் கவனியுங்கள்.

இப்போதெல்லாம் புது மால்ட் எதையும் நேராகப் பீரில் போடுவதில்லை. அமெரிக்க ப்ரூயிங் வேதியியலாளர் சங்கத்தின் ஹாட் ஸ்டீப் முறையை ஒட்டி, 50 கிராம் மால்ட்டை நன்றாகப் பொடித்து, 65 டிகிரியில் 400 மில்லி தண்ணீர் ஊற்றி, ஃபிளாஸ்கில் 15 நிமிடம் வைத்து வடிகட்டிக் குடித்துப் பார்க்கிறேன். கிரிஸ்டல் என்றால் பாதிக்குப் பாதி பேஸ் மால்ட். கறுப்பு வகை என்றால் 7 அல்லது 8 கிராம்தான், மீதி பேஸ். கறுப்பை மட்டும் தனியாக ஊறவைத்தால் கரித்தண்ணீர் குடித்த மாதிரி நாக்கு மரத்துப்போகும், ஒன்றும் புலப்படாது. ஒரே எண் போட்ட இரண்டு நிறுவனங்களின் கிரிஸ்டல் 60ஐ இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று டாஃபி, இன்னொன்று உலர்திராட்சை. அன்றைக்குத்தான் செய்முறையில் உள்ள பெயரை அப்படியே நம்புவதை விட்டேன்.

அளவைப் பற்றியும் சொல்லவேண்டும். கிரிஸ்டல் பிடித்துப்போன ஜோரில் ஒருமுறை ஒரு பேல் ஏலில் (வெளிர் நிற பீர்) மொத்த மால்ட்டில் 20 சதவீதம் அதையே போட்டேன். அதன் சர்க்கரையில் நல்ல பங்கை ஈஸ்ட் தொடாது, இனிப்பு பீரிலேயே நின்றுவிடும். இரண்டாவது கிளாஸை யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் வைத்திருந்தால் சரியாகும் என்று பார்த்தேன், பழைய உலர்திராட்சை வாடைதான் கூடியது. இப்போது 5 சதவீதம், மிஞ்சினால் 8. ரோஸ்டட் பார்லி ஸ்டவுட்டுக்கு 8 முதல் 10.

ஊறவைக்கும்போது சூடு 75ஐத் தாண்டக்கூடாது. அவசரத்தில் ஒரு தடவை மால்ட் பையோடு கொதிக்கவிட்டேன், உமியின் துவர்ப்பு முழுக்க இறங்கி, குடித்த பிறகு ஈறு இழுத்துப் பிடித்தது. கறுப்பு வகைகளை நான் இப்போது முந்தின இரவே குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடித்து, கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது சேர்க்கிறேன். கசப்பு மழுங்கிவிடுகிறது. மாஷ் கலவையின் அமிலத்தன்மையைக் கறுப்பு மால்ட் ஏற்றிவிடும் தொல்லையும் இதில் இல்லை.

சேமிப்பில்தான் நிறைய நஷ்டப்பட்டேன். கிரிஸ்டல் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துச் சீக்கிரம் நமத்துப்போகும். 'டக்'கென்று உடையவேண்டிய மணி பல்லில் சவசவ என்று மெல்லப்பட்டால் அதன் கதை முடிந்தது. ஒரு கடையில் உடைத்தே வாங்கிய இரண்டு கிலோ, ஒரு மாதத்தில் மணமே இல்லாமல் போனது. அதிலிருந்து முழு மணியாகத்தான் வாங்குகிறேன், காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, காய்ச்சும் அன்று உடைக்கிறேன். மில்லின் உருளை இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவில் இருந்தால் எனக்கு எல்லாவற்றுக்கும் சரியாக வருகிறது.

தங்கிய நாலு: மியூனிக், கிரிஸ்டல் 60, கராஃபா ஸ்பெஷல் 2, ரோஸ்டட் பார்லி. பிஸ்கட், மெலனாய்டின், ஆம்பர் எல்லாம் நல்லவைதான், ஆனால் என் பீர்களில் மியூனிக்கைக் கொஞ்சம் கூட்டினாலே அந்த வேலை நடந்துவிடுகிறது. ஸ்பெஷல் பி எனக்கு ரொம்பப் பிடிக்கும், வருடத்தில் ஒருமுறை 150 கிராம் வாங்கி அன்றே தீர்த்துவிடுவேன்.

ஐந்தாவது, பீச் (beech) மரப் புகை காட்டிய ஸ்மோக்டு மால்ட், அரை கிலோ. வாங்கியபோது டப்பாவைத் திறந்தால் அறை முழுக்கப் புகை வாடை. ஒன்றரை வருடத்தில் அதுவும் மங்கிவிட்டது. அடுத்து காய்ச்சும் போர்ட்டரில் (இதுவும் ஒரு கறுப்பு பீர்) மொத்தத்தையும் கொட்டித் தீர்க்கலாம் என்கிறேன், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.