கழன்று விழும் சைலன்சர்: கிளிநொச்சியில் ஒரு குளோ எஞ்சினோடு

கனடாவிலிருந்து வந்த மச்சான் திரும்பிப் போகும்போது ரேடியோவில் இயங்கும் மாதிரி விமானம் ஒன்றை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அதன் இறக்கை, வால், சில்லு எல்லாம் காலப்போக்கில் மாறிவிட்டன. எஞ்சின் மட்டும் அதேதான், மெதனோலில் ஓடி, பொறிக்குப் பதிலாகத் தணலும் கம்பிச் சுருளால் பற்றும் குளோ வகை. 46 அளவு, அதாவது 0.46 கன அங்குலம், நம் கணக்கில் ஏறத்தாழ 7.5 சிசி. ஜப்பான் சாமான். பிஸ்டனும் லைனரும் வந்தபடியே இருக்கின்றன, காபரேற்றரில் கை வைக்கத் தேவையே வரவில்லை. இத்தனை வருடத்தில் எனக்கு ஓயாமல் வேலை தந்தது எஞ்சினின் பக்கத்தில் தொங்கும் அலுமினியச் சைலன்சர்தான்.

சத்தத்தைக் குறைப்பது அதன் பாதி வேலை. மீதிப் பாதியைப் பலர் கவனிப்பதில்லை. சைலன்சரின் உடலில் ஒரு சின்னப் பித்தளை நிப்பிள் இருக்கும். அதிலிருந்து ஒரு சிலிக்கன் ரியூப் எரிபொருள் தாங்கிக்குப் போகும். புகையின் அழுத்தம் தாங்கிக்குள் போய் எரிபொருளைத் தள்ளிக்கொடுக்கும். விமானம் மூக்கை உயர்த்தி மேலே ஏறும்போது தாங்கி காபரேற்றரை விடக் கீழே போய்விடும். அந்த நேரம் இந்த அழுத்தம் இல்லாவிட்டால் எஞ்சின் பட்டினி கிடக்கும், சூடேறும், நின்றுவிடும். நிலத்தில் நன்றாக ஓடிய எஞ்சின் மேலே போனதும் நின்றால் பலரும் உடனே எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வைத்தான் திருகுவார்கள். நான் முதலில் பார்ப்பது சைலன்சரின் இணைப்புகளில் புதிதாக எண்ணெய் கசிந்திருக்கிறதா என்பதை. கசிவு இருந்தால் ஊசி வால்வில் பிழை இல்லை.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது வன்னி. கொஞ்சம் கூடுதல் வலு கிடைக்கும் என்று சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கம் வெளிநாடுகளில் உண்டு. மச்சானும் அப்படிச் செய்யலாம் என்று சொல்லித்தான் போனார். ஒருநாள் பின் கூம்பு தளர்ந்து எஞ்சின் வெறும் வாயோடு கத்தியபோது பக்கத்து வளவு அம்மா வேலிக்கு வந்துவிட்டார். "தம்பி, நிப்பாட்டு ராசா. வண்டு சுத்துற மாதிரிக் கிடக்கு." வேவு விமானத்துக்கு இங்கே சனம் வைத்த பெயர் வண்டு. அது சுற்றினால் பின்னால் என்ன வரும் என்பது 2009 இல் போர் முடியும்வரை இங்கு இருந்த எவருக்கும் தெரியும். சைலன்சர் சரியாக இருக்கும் நாளில் அதே அம்மா அதே சத்தத்துக்குத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆகவே தடுப்புத் தகடு என்னிடம் கழலாது. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

இனித் திருத்த வேலைக்கு வருவோம். என் சைலன்சர் முன் உடல், தடுப்புத் தகடு, பின் கூம்பு என்று துண்டு துண்டாக வந்து, நடுவே ஓடும் நீளமான ஒரு ஸ்குரூவில் கோர்த்து இறுக்கப்பட்டது. கூம்பைத் திருப்பிப் புகை போகும் பக்கத்தை மாற்றலாம் என்பது இந்த அமைப்பின் நன்மை. அதிர்வில் நட்டு தளர்ந்து கூம்பு பறந்துபோகும் என்பது தீமை. அரிவி வெட்டிய வயலில் விழுந்தால் தேடி எடுக்கலாம். பற்றைக்குள் விழுந்தால் விட்டுவிட வேண்டியதுதான். எந்தப் பற்றைக்குள்ளும் இறங்கித் தேடும் பழக்கம் எங்களிடம் இல்லை, போர் விட்டுச்சென்ற கண்ணிவெடிதான் காரணம்.

நட்டு தளராமல் இருக்கப் போடும் நீலப் பசை இந்தச் சூட்டில் இளகிவிடுகிறது. சூடு தாங்கும் சிவப்பு வகை நிற்கிறது, ஆனால் அடுத்த முறை கழற்றச் சுடர் ஊதும் காஸ் விளக்கில் சூடுகாட்ட வேண்டும். எனக்கு நன்றாகக் கைகொடுத்தது வேறு முறை. மரைகளை எண்ணெய் பசை இல்லாமல் கழுவித் துடைத்து, இணைப்பில் மோட்டார் சைக்கிள் சாமான் கடையில் விற்கும் சிவப்பு கஸ்கெட் சிலிக்கனை மெல்லிசாகப் பூசி இறுக்க வேண்டும். முழு நாள் காயவிட்ட பிறகு எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டிச் சூடு ஆறமுன் திரும்ப ஒருக்கால் இறுக்கி, மேலே இரண்டாவது நட்டு ஒன்றைப் பூட்ட வேண்டும். சிலிக்கன் காயமுன் எஞ்சினை முறுக்கினால் ஊதித் தள்ளிவிடும்.

ஆனால் நட்டு ஏன் தளர்கிறது என்று பார்த்தால் நோய் சைலன்சரில் இல்லை, காற்றாடியில் இருக்கிறது. காற்றாடியின் ஒரு இறகு மற்றதை விடக் கொஞ்சம் பாரமாக இருந்தாலும் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் போகும்போது முழு எஞ்சினும் உதறும். நடுத் துளையில் ஒரு கம்பியை இறுக்கமாகக் கோர்த்து, நேராக நிறுத்திய இரண்டு சவர அலகுகளின் மேல் வைத்தால் பாரமான இறகு கீழே போகும். அதை மணல் தாளால் தேய்த்துச் சமன் செய்யுங்கள். இதைச் செய்யத் தொடங்கிய பிறகு நட்டோடு மல்லுக்கட்டும் வேலை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

எஞ்சினோடு சேரும் இடத்துக் கஸ்கெட் கடதாசி எரிந்து பொடியாகும். சோடா டின்னை வெட்டி அதே வடிவத்தில் எடுத்து, இரு பக்கமும் சிலிக்கன் தடவிப் போட்டால் நீண்டகாலம் கிடக்கும். உடைந்த நிப்பிளுக்குப் பதில் கடைச்சல் பட்டறையில் பித்தளைத் துண்டு ஒன்றைக் கடைந்து மரை வெட்டித் தந்தார்கள். அது இன்னும் இருக்கிறது, பழையதை விட உறுதியானது.

எல்லாவற்றிலும் பெரிய தலையிடி வெடிப்பு. எஞ்சினில் பூட்டும் காதுக்குக் கிட்ட மயிரிழை போல ஒரு கோடு விழுந்து கறுப்பாக எண்ணெய் கசியும். இரண்டு குழாயில் வரும் இரும்பு எபொக்சியைச் சைலன்சரின் நடு உடலில் இருந்த ஒரு பொத்தலுக்குப் பூசினேன், அது தாங்கியது. மெதனோல் எஞ்சினின் புகைச் சூடு பெற்றோல் எஞ்சினை விடக் குறைவு என்பதால்தான் இது சாத்தியம். காதில் பூசியது தாங்கவில்லை. அங்கே சூட்டோடு அதிர்வும் இழுவையும் சேர்கின்றன.

பிறகு வவுனியாவில் ஆர்கன் வெல்டிங் செய்யும் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் கையில் வாங்கி மணந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "அண்ணை, இது எண்ணெய் குடிச்ச அலுமினியம். பொங்கும். சுத்தப்படுத்திக் கொண்டாங்கோ." அவர் சொன்னதுதான் முழு உண்மை. இந்த எஞ்சின்களின் எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு வரை எண்ணெய், என்னுடையதில் பெரும்பாலும் ஆமணக்கெண்ணெய். அது எரிந்து மண்ணிறத்தில் வார்னிஷ் போலப் படிந்து, வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். பெற்றோலில் ஊறவைத்தால் மேல் அழுக்குத்தான் போகும். காருக்கு ஊற்றும் கூலன்டில், எதிலீன் கிளைக்கோல் வகையில், மெல்லிய சூட்டில் சில மணித்தியாலம் கிடந்தால் உள்ளே இருப்பதும் கழன்று வருகிறது. அது நஞ்சு. சமையல் சட்டியைத் தொடாதீர்கள், வெளியில் காற்றுப் பக்கம் பார்த்து வையுங்கள், பிள்ளைகளும் நாயும் கிட்ட வராமல் பாருங்கள். கழுவிக் காயவைத்த பின் காஸ் விளக்கில் புகை வருவது நிற்கும்வரை சூடாக்கி எடுத்தேன். வெடிப்பு முடியும் இடத்தில் சின்னத் துளை ஒன்று போட்டால் கோடு மேலே ஓடாது. கோட்டின் மேல் அரத்தால் வாய்க்கால் எடுத்துக்கொண்டு போனேன். இந்தமுறை அவர் மறுக்கவில்லை, ஒட்டும் அழகாக வந்தது.

ஆர்கன் கிட்ட இல்லாதவர்களுக்குத் துத்தநாகம் கலந்த அலுமினிய ஒட்டுக் கம்பிகள் உண்டு. 400 பாகை செல்சியசுக்குச் சற்றுக் கீழேயே உருகும். தூய அலுமினியம் உருகுவது 660 பாகையில், வார்ப்புக் கலவை அதைவிடக் கீழே. அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது, திடீரென்று சரிந்துவிடும். சவர்க்காரத்தால் ஒரு கீறல் போட்டுவிட்டுச் சூடாக்குங்கள். கீறல் கறுத்ததும் கம்பியால் தொட்டுப் பார்க்கலாம். கம்பியை உருக்குவது விளக்கின் சுடராக இருக்கக் கூடாது, அலுமினியத்தின் சூடாக இருக்க வேண்டும். நான் இதை நிப்பிள் இருந்த இடத்தின் பழைய மரையை அடைக்கப் பாவித்தேன், குறை சொல்ல எதுவும் இல்லை. காதுக்கு இதை நம்பமாட்டேன்.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஆளில்லா விமானங்களுக்கு நாடு முழுவதும் தடை வந்தபோது எஞ்சின் முற்றத்து மேசையில்தான் ஓடியது. இந்தத் திருத்தங்களில் பலவற்றைச் சோதித்தது அப்போதுதான். பறக்கவிட விரும்புகிறவர்கள் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி விடயத்தை முதலில் பாருங்கள், அது தனிக்கதை. மேசையில் ஓட்டினாலும் கவனம் வேண்டும். மெதனோல் நெருப்புப் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், மெதனோல் தண்ணீரில் கலந்து அணையும்.

இப்போது ஊரில் புல்லு வெட்டும் மிசினின் சைலன்சரையும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். அதுவும் பெரும்பாலும் ரூ ஸ்ரோக் எஞ்சின்தான், ஆனால் வைத்தியம் வேறு. உடல் இரும்புத் தகடு, எரிவது பெற்றோல், சூடும் கூட. எபொக்சி அதில் ஒரு வயல் வரம்பைக்கூடத் தாண்டாது. ஓட்டை என்றால் நேரே காஸ் வெல்டிங்குக்குக் கொடுங்கள். வலு குறைந்து இழுக்காமல் நின்றால் ஓட்டையைத் தேடாதீர்கள். புகை வெளியேறும் வாயில் பொறி தடுக்கும் கம்பி வலை இருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள், அநேகமாகக் கரி அடைத்திருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்துத் திரும்பப் பூட்டுங்கள். வலை இல்லாமல் காய்ந்த புல்லுக்குள் கொண்டுபோக வேண்டாம்.