முகப்பு அழகு முக்கியமில்லை: பொது வானொலி ஆப் ஒன்றோடு பல வருட அனுபவம்

பொது ஒலிபரப்பு நிறுவனம் ஒன்றின் வானொலி ஆப்பை அதன் ஆரம்பப் பதிப்பிலிருந்தே பயன்படுத்தி வருகிறேன். பிறகு பீட்டா சோதனைக்கும், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய பதிப்புகளைப் பயன்படுத்திப் பார்க்கும் குழுவுக்கும், பெயர் கொடுத்தேன். அதனால் பல மாற்றங்களை அவை எல்லோருக்கும் போவதற்கு முன்பே பார்க்கவும், குறை சொல்லவும் வாய்ப்பு கிடைத்தது. ஆப்பின் பெயரைச் சொல்லவில்லை. இங்கே எழுதுவதில் பெரும்பகுதி இந்த வகை ஆப் எதற்கும் பொருந்தும்.

ஆப் கடைகளில் ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் கொடுப்பவர்கள் பெரும்பாலும் முதல் நாள் அனுபவத்தை வைத்துக் கொடுக்கிறார்கள். முதல் நாளில் எல்லா வானொலி ஆப்பும் நன்றாகத்தான் இருக்கும். வைஃபையில் உட்கார்ந்து திறந்து பார்ப்போம், சத்தம் வரும், நிறம் நன்றாக இருக்கும். நெட் அறுந்து திரும்ப வரும்போது, போன் கால் வந்து முடியும்போது, இயர்போன் கழன்று விழும்போது அந்த ஆப் என்ன செய்கிறது என்பது மாதக்கணக்கில் கேட்டால்தான் தெரியும். நான் இதை வைத்துத்தான் ஒரு வானொலி ஆப்பை எடைபோடுகிறேன்.

இன்றைக்கு நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் சில வசதிகள் ஒரு காலத்தில் இல்லவே இல்லை. ஆப் ஸ்டோர் 2008-ல் திறந்தபோது ஐபோனில் வானொலி ஆப்பை விட்டு வெளியே வந்து மெயில் பார்த்தால் சத்தம் நின்றுவிடும். மற்ற நிறுவனங்களின் ஆப்கள் பின்னணியில் ஒலியைத் தொடர 2010-ல் வந்த ஐஓஎஸ் 4 தான் அனுமதித்தது. அமெரிக்காவில் பி.ஆர்.எக்ஸ் என்ற பொது வானொலி அமைப்பு உருவாக்கிய 'பப்ளிக் ரேடியோ பிளேயர்' போன்ற முன்னோடி ஆப்கள் இந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் பிறந்தன. வானொலி என்பதே வேறு வேலை பார்த்துக்கொண்டு கேட்பதற்கானது. அதைத் திரைக்கு முன்னால் கட்டிப்போட்ட காலத்திலும் மக்கள் விடாமல் கேட்டார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

நான் பயன்படுத்தும் ஆப்பில் நடந்த மிகப் பெரிய முன்னேற்றம் திரையில் தெரியவே இல்லை. ஆரம்பத்தில் அது ஸ்ட்ரீமை, அதாவது நெட் வழியே வரும் ஒலி ஓட்டத்தை, ஒரே தொடர் இணைப்பாக வாங்கிக்கொண்டிருந்தது. வாசலைத் தாண்டி, வைஃபை விட்டுப்போய் மொபைல் டேட்டா பிடித்த மறுகணம் சத்தம் போய்விடும். திரையில் வட்டம் சுற்றும். சில சமயம் அதுவும் சுற்றாது, 'பிளே' ஆவதாகக் காட்டிக்கொண்டே மௌனமாக இருக்கும். நிறுத்தி மறுபடி அழுத்த வேண்டும். நெட்வொர்க் மாறும்போது போனின் ஐ.பி. முகவரி மாறுகிறது, பழைய முகவரியில் பிடித்திருந்த இணைப்பு செத்துப்போகிறது. அது செத்ததை ஆப் கண்டுபிடிக்கவே நேரமாகும்.

பிறகு எச்.எல்.எஸ் முறைக்கு மாறினார்கள். ஆப்பிள் 2009-ல் கொண்டுவந்த முறை இது. சர்வர் ஒலியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி வைக்கும். ஆப் துண்டுகளின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும். பழைய முறை குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பது போல. புதியது குடத்தில் பிடித்து வைத்துக்கொள்வது. குழாய் கொஞ்ச நேரம் நின்றாலும் குடத்தில் இருப்பது ஓடும். ஒவ்வொரு துண்டும் தனிக் கோரிக்கை என்பதால் நெட்வொர்க் மாறினாலும் அடுத்த துண்டைப் புது வழியில் வாங்கிக்கொள்ளலாம். இந்த மாற்றம் வந்த அப்டேட்டின் குறிப்பில் 'பொதுவான மேம்பாடுகள்' என்று இரண்டே வார்த்தை இருந்தது. பல வருடத்தில் வந்த அத்தனை அப்டேட்டிலும் எனக்குப் பிடித்தது அதுதான். அன்றிலிருந்து வாசலைத் தாண்டும்போது செய்தி அறுபடவில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. எச்.எல்.எஸ் விதிப்படி, நேரலையின் கடைசி முனையிலிருந்து குறைந்தது மூன்று துண்டு நீளம் பின்னால்தான் ஆப் தொடங்க வேண்டும். ஆப்பிள் பரிந்துரைக்கும் 6 விநாடித் துண்டு என்றால் அதுவே 18 விநாடி. ஒலியைச் சுருக்குவதற்கும் அனுப்புவதற்கும் ஆகும் நேரம் தனி. பிபிசி 1924 பிப்ரவரி 5 முதல் ஒலிபரப்பிவரும் கிரீன்விச் நேரக்குறியைக் கேட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஐந்து குட்டி 'பிப்', ஆறாவது மட்டும் நீளம். அந்த ஆறாவது தொடங்கும் கணம்தான் மணி. வானொலிப் பெட்டியில் கேட்டுக் கடிகாரத்தைச் சரி செய்யலாம். ஆப்பில் கேட்டால் கடிகாரம் அரை நிமிடம் வரை பின்தங்கிவிடும். விளையாட்டு வர்ணனையிலும் இப்படித்தான், பக்கத்து வீட்டு ஆரவாரம் முதலில் வரும், கோல் அப்புறம் வரும். செய்தியும் உரையாடலும் கேட்பவருக்கு இந்தத் தாமதம் பொருட்டே இல்லை. அறுபடாத ஒலிக்காக அதை நான் மனதார ஏற்றுக்கொள்வேன்.

போன் கால் விஷயத்தில் ஆப் நிறையக் கற்றுக்கொண்டது. முதலில் கால் முடிந்ததும் நேரலை இப்போது எங்கே இருக்கிறதோ அங்கே தாவிவிடும். பேட்டியின் நடுப்பகுதி மொத்தமும் போய்விடும். இப்போது நிறுத்திய இடத்திலிருந்தே தொடர்கிறது, பக்கத்தில் 'நேரலைக்குச் செல்' என்று ஒரு பட்டன். இதைவிட நுட்பமான ஒன்று வழிகாட்டும் வரைபட ஆப் பேசும்போது நடப்பது. 'அடுத்த இடதுபுறம் திரும்பவும்' என்று அது சொல்லும் நேரத்தில் மற்ற ஆப்கள் சத்தத்தைக் குறைத்துக்கொள்வது ஆண்ட்ராய்டின் வழக்கம், 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் அதைச் சிஸ்டமே செய்துவிடும். பாட்டுக்கு அது சரி. பேச்சுக்குச் சரிவராது. இரண்டு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இரண்டுமே புரியாது. பேச்சு ஒலிபரப்பும் ஆப் அந்த இடத்தில் சத்தத்தைக் குறைக்காமல் ஒரு கணம் நின்று தொடர்வதற்கும் ஆண்ட்ராய்டில் வழி இருக்கிறது. பீட்டா குழுவில் இதைச் சுட்டிக்காட்டி எழுதினேன், வேறு சிலரும் எழுதினார்கள். சில பதிப்புகள் கழித்து வந்தது. பொது வானொலியில் பெரும்பகுதி பேச்சுதானே, இது முதலிலேயே இருந்திருக்க வேண்டியது.

இயர்போன் கழன்றால் ஸ்பீக்கரில் அலறாமல் நிற்பது, ஸ்லீப் டைமர் கடைசி நிமிடத்தில் சத்தத்தை மெல்லக் குறைப்பது, லாக் ஸ்கிரீனில் நிகழ்ச்சியின் பெயர் தெரிவது எல்லாம் இப்போது ஒழுங்காக இருக்கின்றன.

ஆண்ட்ராய்டில் இன்னமும் தொந்தரவு தருவது பேட்டரி சேமிப்பு. கேட்டுக்கொண்டே இருக்கும்போது திடீரென்று ஒலி நின்று, நோட்டிபிகேஷனும் காணாமல் போயிருக்கும். பலர் இதை ஆப்பின் கோளாறு என்று நினைத்து நீக்கிவிடுகிறார்கள். சில போன்கள் பின்னணியில் ஓடும் ஆப்களைத் தாமாகவே கடுமையாக மூடிவிடுகின்றன. போனின் பேட்டரி அமைப்புக்குப் போய் இந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்தப் பக்கத்துக்கு நேராகக் கூட்டிப்போகும் ஓர் உதவிக் குறிப்பை ஆப்புக்குள்ளேயே வைத்தால் எவ்வளவோ பேர் பிழைப்பார்கள்.

இனி எனக்கு வருத்தம் தந்த பகுதி. ஒரு கட்டத்தில் முகப்பை முழுக்க மாற்றினார்கள். திறந்ததும் பெரிய பெரிய படங்களோடு பாட்காஸ்ட் பரிந்துரைகள். நேரலை இரண்டாவது தாவலுக்குப் போய்விட்டது, அங்கேயும் நிலையங்களின் வரிசை மாறியிருந்தது. பாட்காஸ்ட் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள், அவர்களுக்கு இடம் வேண்டும் என்பது நியாயம். ஆனால் வானொலி நேயர் ஒருவர் ஆப்பைத் திறப்பது தேர்ந்தெடுப்பதற்காக அல்ல. நேற்று கேட்ட நிலையம் இன்றைக்கு என்ன சொல்கிறது என்று கேட்கத் திறக்கிறார். தேர்வுச் சுமையை எடுத்துவிடுவதுதான் வானொலியின் பெரிய கொடை. 2014-ல் அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர் வெளியிட்ட 'என்.பி.ஆர் ஒன்' இதைப் புரிந்துகொண்ட ஆப். திறந்தால் செய்தி ஓடும், ஒவ்வொரு துண்டாக வந்துகொண்டே இருக்கும், பிடிக்காததைத் தள்ளலாம், பிடித்ததற்கு ஓர் அடையாளம் போடலாம். புதுமையும் இருந்தது, வானொலியின் ஓட்டமும் கெடவில்லை.

இந்த முகப்பு மாற்றத்தின் உண்மையான பாதிப்பை எனக்குக் காட்டியவர் பார்வையற்ற நண்பர் ஒருவர். அவர் டாக்பேக் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டு வசதி) வைத்து போனைப் பயன்படுத்துபவர், என்னைவிட அதிகம் வானொலி கேட்பவர். அவர் போனை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் திரையைத் தடவிப் பார்த்தேன். 'பட்டன்' என்றது. அடுத்து மறுபடி 'பட்டன்'. அதற்கடுத்ததும் 'பட்டன்'. எந்தப் படக்குறிக்கும் பெயர் எழுதப்படவில்லை. "கீழே இடமிருந்து மூணாவது தான் பிளேன்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேங்க. இந்த அப்டேட்ல அதையும் மாத்திட்டாங்க, இப்போ மறுபடி முதல்லேருந்து படிக்கணும்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, பழகிப்போயிருந்தது.

ஒரு பட்டனுக்குப் பெயர் எழுத நிரலாளருக்கு ஒரு வரி போதும். பார்வை இல்லாதவர்களுக்கு வானொலியைவிட நெருக்கமான ஊடகம் வேறு எது? பொதுமக்கள் பணத்தில் நடக்கும் ஒரு வானொலியின் ஆப்பில் பிளே பட்டனுக்குப் பெயர் இல்லாதது என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத குறை. இதை விரிவாக எழுதி அனுப்பினோம். நண்பர் தன் குரலிலேயே ஒவ்வொரு திரையையும் பதிவு செய்து சேர்த்தார். அடுத்தடுத்த பதிப்புகளில் பெயர்கள் வந்தன. இப்போது பீட்டா குழுவில் அவரும் இருக்கிறார், ஒவ்வொரு பதிப்பையும் முதலில் அவர்தான் சோதிக்கிறார்.

குறை எழுதி அனுப்புபவர்களுக்கு இதிலிருந்தே ஒன்று சொல்லலாம். 'ஆப் வேலை செய்யவில்லை' என்று எழுதினால் அந்தப் பக்கம் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. போனின் மாடல், ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் பதிப்பு, வைஃபையா டேட்டாவா, ப்ளூடூத் இணைந்திருந்ததா, நின்றபோது மணி என்ன, அதற்கு முந்தைய நிமிடத்தில் என்ன செய்தீர்கள், இவ்வளவும் இருந்தால் சர்வர் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள். திரையைப் பதிவு செய்து அனுப்பினால் இன்னும் நல்லது. இப்படி எழுதியவற்றுக்கு எனக்குப் பெரும்பாலும் பதில் வந்திருக்கிறது.

டேட்டா செலவைப் பலர் கேட்கிறார்கள். கணக்கு எளிது. விநாடிக்கு 128 கிலோபிட் ஸ்ட்ரீம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்.பி. எடுக்கும், 48 கிலோபிட் சுமார் 22 எம்.பி. பேச்சு நிகழ்ச்சிக்கு எச்.இ-ஏஏசி என்ற ஒலிச் சுருக்க முறையில் 48 கிலோபிட்டே தெளிவாக இருக்கிறது. சாஸ்திரிய இசை கேட்கும்போதுதான் வித்தியாசம் உறைக்கிறது, கைதட்டல் சரசரவென்று காகிதம் கசக்குவது போல் ஆகிவிடும். என் ஆப்பில் டேட்டாவுக்கு ஒரு தரம், வைஃபைக்கு ஒரு தரம் என்று தனித்தனியே வைக்க முடிகிறது. குறைந்த தரத்தையும் கைவிடாமல் வைத்திருப்பதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும், பழைய போனும் மெதுவான நெட்டும் உள்ளவர்களும் நேயர்கள்தான்.

ஒலி அளவில் இன்னும் சீர் இல்லை. நேரலையிலிருந்து பதிவு நிகழ்ச்சிக்கு மாறினால் காது அடைக்கும், திரும்பி வந்தால் முணுமுணுப்பு. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-லேயே ஆர் 128 என்று ஒலியளவுக்குத் தரம் வகுத்துவிட்டது. ஒலிபரப்புக்கு ஓர் அளவு, பாட்காஸ்ட்டுக்கு அதைவிட உரத்த அளவு என்று தனித்தனியே தயாரிப்பதால் வரும் சிக்கல் இது. ஆப்புக்குள் இரண்டையும் சமன் செய்ய முடியும்.

லாகின் பற்றி என் கருத்து உறுதியானது. நாடகத்தைப் போனில் பாதி கேட்டு டேப்லெட்டில் தொடர வேண்டுமென்றால் கணக்கு தேவை, அதை நானும் வைத்திருக்கிறேன். வெறும் நேரலை கேட்பதற்கு யாரிடமும் மெயில் முகவரி கேட்கக் கூடாது. வானொலிப் பெட்டி யாருடைய பெயரையும் கேட்டதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் வீட்டில் இருக்கும் வானொலிப் பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை, நீங்களும் போட வேண்டாம். நார்வே 2017-ல் தேசிய நிலையங்களை எஃப்.எம்மிலிருந்து எடுத்தபோதுகூட டிஜிட்டல் ஒலிபரப்புக்குத்தான் போனது, இணையத்தை மட்டும் நம்பவில்லை. புயலிலோ வெள்ளத்திலோ மின்சாரம் போய் செல் டவர்கள் ஓய்ந்தால் ஆப்பால் ஒன்றும் செய்ய முடியாது. ஒலிபரப்புக் கோபுரம் இயங்கும் வரை பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு அலை வந்துகொண்டிருக்கும்.

இப்போது பீட்டாவில் இரண்டு விஷயங்களைச் சோதிக்கிறோம். கடைசியாகக் கேட்ட நிலையத்தைத் திறந்தவுடன் தானாகவே ஓடவிடும் அமைப்பு ஒன்று. விருப்ப நிலையங்களின் வரிசையை நாமே மாற்றி, கார் ஸ்டியரிங்கில் உள்ள 'அடுத்தது' பட்டனால் அந்த வரிசையில் நகர்வது இன்னொன்று. முதலாவது நன்றாக வந்துவிட்டது. இரண்டாவதில் வரிசையை இழுத்து மாற்றும்போது எந்த நிலையம் எத்தனையாவது இடத்துக்குப் போனது என்று டாக்பேக் இன்னும் சொல்வதில்லை. நண்பர் அதற்கான அறிக்கையை அனுப்பிவிட்டார். அது சரியாகும் வரை அந்த வசதியை எல்லோருக்கும் வெளியிட வேண்டாம் என்று நானும் எழுதியிருக்கிறேன்.